தோற்றமும் உத்தியோகமும்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றிலே நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையிலே பேசுமாறு செயலாளர் எம்மைக் கேட்டபோது முதலில் தயங்கினோம். இம்மண்டபத்திலே எமக்குமுன் பேசியோர் அறிவினாலும் அனுபவத்தினாலும் முதிர்ந்தோர். நாமோ பல்கலைக்கழகத்திலே இறுதிப் பரீட்சையை இன்னும் எழுதி முடியாத மாணவர். எனினும், உத்தியோகம் தேடும் காலம் நெருங்கிவிட்ட எம்போன்றோரின் நெஞ்சிலே உறுத்தும் விடயம் ஒன்றுண்டு. அதைப் பெரியோர் முன்னிலையிலே எடுத்து வைத்தல் தகுமென எண்ணித் துணிந்தோம்.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது எம்மவர் வாயில் அடிபடும் பழமொழி. நாம் கற்ற மிஷன் கல்லூரியிலும் இதே பாடந்தான். காலையிலே வரிசையில் நிற்கவேண்டும், தலைமயிர் சட்டைக் கழுத்தைத் தொடக்கூடாது, சப்பாத்து மினுங்கவேண்டும், நகம் வெட்டியிருக்கவேண்டும். அந்த ஒழுங்கினால் எமக்கு நன்மையே விளைந்தது. அதனைப் பழித்துப் பேச நாம் வரவில்லை. ஆயினும், ஆடையைப் பார்த்த கண் ஆளைப் பாராமலே திரும்பிவிட்டால் என் செய்வது? அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

தொழில் நிலையங்களிலே தோற்றத்துக்கு விதி இருத்தல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதி மயிரை மூடிக்கட்ட வேண்டும்; இல்லையேல் நோயாளிக்குத் தீங்கு. சுழலும் இயந்திரத்தின் அருகே நிற்பவன் தொங்கும் சால்வை அணியலாகாது. இல்லையேல் அவன் உயிருக்கே ஆபத்து. இவை வேலையிலிருந்து பிறந்த விதிகள். வேறொரு வகை விதியும் உண்டு. "பெண்ணென்றால் இப்படித் தோன்றவேண்டும், ஆணென்றால் அப்படித் தோன்றவேண்டும்" என்பது அது. இவ்விதி வேலையிலிருந்து பிறப்பதன்று. பார்ப்பவரின் பழக்கத்திலிருந்து பிறப்பது. முன்னதையும் பின்னதையும் பிரித்தறியாமையே பல அநீதிகளுக்கு வித்தாகின்றது.

இதனை நாம் ஏட்டிலே படித்து அறியவில்லை, நேரிலே கண்டோம். கண்டதைச் சொல்லுமுன் ஒரு சொல்லை விளக்குவோம். ஆணெனப் பதிவு பெற்று, தம்மைப் பெண்ணென்றே உணர்ந்து வாழ்வோரைத் திருநங்கையர் என்றும், பெண்ணெனப் பதிவு பெற்று ஆணாக வாழ்வோரைத் திருநம்பியர் என்றும் இக்காலத் தமிழ் மரியாதையுடன் அழைக்கின்றது. கல்லூரியிலே எம்முடன் ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவர் இன்று திருநங்கையாக வாழ்கின்றார். கணக்கிலே அவர் எம்மைவிடக் கெட்டிக்காரர். வகுப்பிலே நாம் அவரைப் பார்த்தெழுதிய நாட்களும் உண்டு.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு கம்பனியிலே கணக்கு இலிகிதர் வேலைக்கு இருவர் தேவையென அறிந்து, அவரும் நாமும் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றோம். அங்கிருந்த மேலதிகாரி அவருடைய பெறுபேறுகளைப் பார்த்து முகம் மலர்ந்தார். பின்னர் அடையாள அட்டையைப் பார்த்தார். ஆளை நிமிர்ந்து பார்த்தார். கோவையை மூடி வைத்தார். "அறிவிப்போம், போய் வாருங்கள்" என்றார். அவர் வெளியே போனபின் எம்மிடம், "தம்பி, நீர் திங்கட்கிழமை வரலாம். உம்முடைய கூட்டாளி கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் இது வாடிக்கைக்காரர் வந்து போகிற இடமல்லவா? உமக்கு விளங்குந்தானே?" என்றார்.

நாம் "ஓம் சேர்" என்று தலையாட்டினோம். இரண்டு மாதம் அங்கே வேலை செய்து சம்பளமும் வாங்கினோம். பின்னொருநாள் அத்தோழியைக் கண்டபோது நடந்ததை மறைக்காமற் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "அவர் அப்படிச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்?" என்று மட்டும் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கதையை அவருடைய அனுமதியுடனேயே இங்கு சொல்லுகின்றோம்.

அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை யாது என்று தேடிப் படிக்கலானோம். அத்தேடல் எம்மை ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களுக்குக் கொண்டு சென்றது. அந்நாடு நீதியின் உறைவிடம் என்று நாம் கருதவில்லை. ஆயினும், இதே கேள்வி அங்கே நாற்பது ஆண்டுக்குமேல் வழக்காடப்பட்டு, ஒவ்வொரு படியும் எழுத்திலே பதியப்பட்டுள்ளது. ஆதலின் அங்கிருந்து கற்கலாம்.

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு என்பன காரணமாகத் தொழிலிலே ஒருவருக்குப் பாகுபாடு காட்டலாகாது என்று அதன் ஏழாம் அத்தியாயம் விதித்தது. 'பால்' என்பது அதிலே ஒரு சிறு சொல். அச்சொல்லுக்குள் என்ன அடங்கும் என்பதே பின்வந்த வழக்குகளின் கதை.

கரன் யூலேன் என்பவர் வியட்நாம் போரிலே விமானம் செலுத்திப் பதக்கம் பெற்றவர். 1968 முதல் ஈஸ்ரேண் விமான சேவையிலே விமானி. ஆணாகச் சேர்ந்த அவர் பெண்ணாக வாழத் தொடங்கியபின், 1981இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விசாரணை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. ஆனால் 1984இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. சட்டம் காப்பது பெண் பெண்ணாயிருப்பதையும் ஆண் ஆணாயிருப்பதையுமே. பால் மாறியோரைப்பற்றி அது பேசவில்லை என்பது அம்மன்றின் கருத்து. கதவு அடைபட்டது.

அடைபட்ட அக்கதவைத் திறந்தவர் ஒரு திருநங்கையல்லர்; மூன்று பிள்ளைகளின் தாயான ஆன் ஹொப்கின்ஸ் என்ற பெண்மணி. பிறைஸ் வோட்டர்ஹவுஸ் என்னும் பெரிய கணக்காய்வு நிறுவனத்தின் வாஷிங்டன் காரியாலயத்திலே அவர் பணிபுரிந்தார். 1982இல் பங்காளர் பதவிக்கு 88 பேரின் பெயர்கள் முன்வைக்கப்பட்டன. அவர்களுள் பெண் அவர் ஒருவரே. அப்போது நிறுவனத்திலிருந்த 662 பங்காளருள் பெண்கள் ஏழு பேர் மாத்திரமே. அமெரிக்க வெளிநாட்டமைச்சின் இரண்டரைக் கோடி டொலர் ஒப்பந்தத்தை நிறுவனத்துக்குப் பெற்றுக்கொடுப்பதில் முன்னின்றவர் ஹொப்கின்ஸ். எனினும் பதவி கிட்டவில்லை. அவர் பிறரிடம் கடுமையாக நடப்பவர் என்ற குறையும் கூறப்பட்டது. ஆனால் அக்குறை எவ்வாறு கூறப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. இன்னும் பெண்மையோடு நடக்கவேண்டும், பெண்மையோடு பேசவேண்டும், பெண்மையோடு உடுக்கவேண்டும், முகப்பூச்சுப் பூசவேண்டும், கூந்தலை அலங்கரிக்கவேண்டும், நகை அணியவேண்டும் என்று அவருக்குப் புத்தி கூறப்பட்டது.

கணக்காய்வுக்கும் காதணிக்கும் என்ன சம்பந்தம்? ஹொப்கின்ஸ் வழக்குத் தொடர்ந்தார். 1989ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி அமெரிக்காவின் மீயுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெண் இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்ற அச்சிலே வார்த்து ஒருவரை எடை போடுவதும் பால் காரணமான பாகுபாடே என்ற கருத்து அத்தீர்ப்பினால் நிலைபெற்றது. வேலையோ உறுதியைக் கேட்கின்றது. உறுதி காட்டும் பெண்ணையோ அதே வேலை தண்டிக்கின்றது. மத்தளத்துக்கு இருபக்கமும் இடி என்பது இதுதான். அடுத்த ஆண்டு, அவரைப் பங்காளராக ஏற்கும்படி நீதிமன்றம் அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. கரன் யூலேனோ 1989ஆம் ஆண்டிலேயே விமான விபத்தொன்றில் மாண்டார். தமக்கு அடைபட்ட கதவு திறக்கத் தொடங்கியதன் பயனை அவர் காணவில்லை.

ஹொப்கின்ஸ் வழக்கிலே திருநங்கையரைப்பற்றி ஒரு வார்த்தையும் எழவில்லை. அப்படியாயின் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? "போதிய பெண்மை இல்லை" என்று ஒரு பெண்ணைத் தள்ளுவது குற்றமானால், "ஆணுக்கு ஆகாத பெண்மை உண்டு" என்று ஒருவரைத் தள்ளுவதும் குற்றமேயன்றோ? இந்த நியாயத்தை 2004இல் ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒகையோ மாநிலத்திலே எமக்குப் பழகிய பெயருடைய சேலம் என்ற நகரம் ஒன்று உண்டு. அங்கே தீயணைப்புப் படை அதிகாரி ஒருவர், தாம் பெண்ணாக வாழப்போவதை அறிவித்தபின் நேர்ந்த தொல்லைக்காக வழக்காடினார். அவர் வழக்கைத் தொடரலாம் என்று மன்று தீர்த்தது.

ஆனால் பாதை எங்கும் ஒரே சீராகச் செல்லவில்லை. நெவாடா மாநிலத்து றீனோ நகரிலே ஹராஸ் என்னும் சூதாட்ட விடுதியின் மதுச்சாலையில் இருபது ஆண்டளவாகப் பணிபுரிந்தவர் டார்லின் ஜெஸ்பர்சன். 2000ஆம் ஆண்டில் அவ்விடுதி புதிய விதியொன்று கொண்டுவந்தது. பெண்கள் முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் கண்மையும் இட்டே ஆகவேண்டும். ஆண்கள் இடவே கூடாது. முகம் பூசினால் தாம் தாமல்லாததுபோல் ஆகின்றது என்று ஜெஸ்பர்சன் மறுத்தார், வேலை போயிற்று. 2006இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பதினொரு நீதியரசருள் எழுவர் அவருக்கு எதிராகத் தீர்த்தனர். ஆணுக்கும் ஒரு விதி, பெண்ணுக்கும் ஒரு விதி. பெண்ணின் பாரம் கூடியதென்று சாட்சியம் இல்லை என்பது அவர்கள் கூறிய காரணம். ஹொப்கின்சுக்கு முகப்பூச்சு அறிவுரையாக வந்தது, அது பிழையாயிற்று. ஜெஸ்பர்சனுக்குக் கட்டளையாகவே வந்தது, அது சரியாயிற்று. சட்டத்தின் இவ்விடுக்கு இன்னும் முற்றாக அடைபடவில்லை என்பதைப் படிப்போர் மனங்கொள்ள வேண்டும்.

இரண்டு ஆண்டின் பின் வந்த இன்னொரு தீர்ப்பு எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. டயான் ஷ்றோயர் அமெரிக்க இராணுவத்திலே இருபத்தைந்து ஆண்டு சேவை புரிந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலே பயங்கரவாதம்பற்றிய ஆய்வாளர் பதவி அவருக்கென முடிவாயிற்று. வேலையைப் பெண்ணாக வந்து ஏற்கப்போவதாக அவர் சொன்னதும், கொடுத்த வாக்கு மீட்கப்பட்டது. 2008இல் தீர்ப்பளித்த நீதிபதி ஓர் உவமை கூறினார். கிறிஸ்தவராயிருந்த ஒருவர் யூதராக மாறியதற்காக வேலை இழக்கின்றார் எனக் கொள்வோம். "கிறிஸ்தவர்மேலும் எமக்கு வெறுப்பில்லை, யூதர்மேலும் வெறுப்பில்லை, மாறுவோர்மேல்தான் வெறுப்பு" என்று முதலாளி சொன்னால், அது மதப் பாகுபாடல்ல என்று எவரேனும் ஒப்புவரா? ஒப்பார். பாலுக்கும் அந்நியாயமே பொருந்தும் என்றார் அவர். மதம் மாறுதல் பற்றிய வாதங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு இவ்வுவமையின் கூர்மையை நாம் விளக்கத் தேவையில்லை.

இறுதியாக ஏமி ஸ்டீபன்ஸ் என்பவரைப்பற்றிக் கூறுவோம். மிச்சிகன் மாநிலத்துக் கார்டன் சிற்றி என்னும் ஊரிலே, இங்கு நாம் மலர்ச்சாலை என்று சொல்லும் தொழில் நிலையம் ஒன்றில் 2007 முதல் அவர் வேலை செய்தார். பிரேதங்களைப் பதப்படுத்தி ஒப்பனை செய்து, துயருற்ற குடும்பத்தாருக்குத் துணைநின்று சடங்கை நடத்துவது அவர் பணி. அந்நிலையத்திலே ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும், பெண்கள் பாவாடையும் மேற்சட்டையும் அணியவேண்டும் என்பது விதி. ஏமி அவ்விதியை எதிர்க்கவில்லை. பெண்களுக்குரிய உடையை விதிப்படியே அணிந்து பணிக்கு வருவேன் என்று 2013 ஜூலை மாத இறுதியில் முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டு கிழமையில் வேலை போயிற்று.

ஏழு ஆண்டு அவ்வழக்கு நடந்தது. 2019 ஒக்டோபரில் மீயுயர் நீதிமன்றம் அதைக் கேட்டது. 2020 மே 12ஆந் திகதி ஏமி காலமானார். ஒரு மாதம் கழிந்து, ஜூன் 15ஆந் திகதி, ஆறு நீதியரசர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. பிறக்கையிலே பெண்ணெனப் பதிவானவரிடம் பொறுத்துக்கொள்ளும் ஒரு செயலை ஆணெனப் பதிவானவரிடம் பொறாது வேலைநீக்கம் செய்தால், அங்கே பால் காரணமாகி விடுகின்றது என்பதே அதன் சாரம். உடைவிதிகள், குளியலறைகள் பற்றிய கேள்விகளைத் தாம் அன்று தீர்க்கவில்லை என்றும் நீதியரசர் சொல்லி வைத்தனர். 2025 ஜனவரியிலே அந்நாட்டு ஜனாதிபதி, மத்திய அரசு ஆண் பெண் என்ற இரு பிறப்புப் பால்களை மாத்திரமே ஏற்கும் என்று கட்டளை பிறப்பித்தார். ஆகவே வழக்கு முடிந்தது, வாதம் முடியவில்லை.

சபையோரே, இவ்வழக்குகளை ஒருசேர வைத்துப் பாருங்கள். ஹொப்கின்சைத் தள்ளிய கையும் ஏமியைத் தள்ளிய கையும் ஒன்றே. ஒருவர் போதிய பெண்ணாகத் தோன்றவில்லை. மற்றவர் பெண்ணாகத் தோன்ற விரும்பினார். இருவருடைய வேலையிலும் பழுதில்லை. பார்ப்பவர் வைத்திருந்த அச்சிலே அவர்கள் அடங்கவில்லை, அவ்வளவே. ஆதலின் திருநங்கையின் வேலையைக் காப்பது யாரோ சிலருக்குச் செய்யும் தருமம் அன்று. உயரம் குறைந்த எம் தம்பிக்கும், நிறம் கறுத்த எம் தங்கைக்கும், நகை அணிய விரும்பாத எம் மருமகளுக்கும் அதே வேலிதான் காவல். தேரை ஓடவைக்கும் சிறு அச்சாணியை வள்ளுவர் எதற்காகக் காட்டினார் என்பது இங்குள்ள சிறு பிள்ளைகளுக்கும் தெரியும்.

பெரியோர் சிலர் ஐயம் எழுப்பலாம். "வாடிக்கைக்காரர் விரும்பாவிடின் முதலாளி என் செய்வான்?" என்பது முதலாவது. இதற்கும் ஒரு பழைய விடை உண்டு. பயணிகள் பணிப்பெண்களையே விரும்புகின்றனர் என்று கூறி, பான் அமெரிக்கன் விமான சேவை ஆண்களை அவ்வேலைக்கு எடுக்க மறுத்தது. ஆண் ஒருவர் வழக்கிட்டார். 1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், பயணிகளின் விருப்பு பாகுபாட்டுக்குச் சாட்டாகாது என்றது. விமான சேவையின் தொழில் பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது, கண்ணுக்கு விருந்தளிப்பதன்று. இன்று விமானத்திலே ஆண் பணியாளரைக் கண்டு யார் வியக்கின்றார்? வாடிக்கைக்காரர் கண் பழகும். பழக நாம் இடங்கொடுக்க வேண்டும்.

"இது ஒருவகை ஏமாற்று அல்லவா?" என்பது இரண்டாவது. ஏமாற்ற நினைப்பவர் முன்கூட்டியே கடிதம் எழுதுவாரா? ஏமி எழுதினார், ஷ்றோயரும் நேரிலே சொன்னார். உண்மையைச் சொன்ன காரணத்தினாலேயே இருவரும் வேலையை இழந்தனர்.

இனி எம் நாட்டைப் பார்ப்போம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களாற் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. ஆனால் அந்த உரிமைக்காக உயர் நீதிமன்றத்தை நாடுவது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே. தனியார் கம்பனியின் நேர்முக அறைக்குள் அது நேரே நுழைவதில்லை. 2016 முதல் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ளும் வழி இங்கு உண்டு. நல்லது. ஆயினும் பத்திரம் திருந்தினாலும், மேசைக்கு அப்பால் இருப்பவர் பார்வையைத் திருத்தும் சான்றிதழ் எக்காரியாலயத்திலும் கிடையாது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு நற்செய்தி. திருநங்கையான பிரித்திகா யாஷினி பொலிஸ் உப பரிசோதகர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, அவருடைய விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2015இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. 2017இல் சீருடை அணிந்து பதவியேற்றார். ஆளைப் பார்த்துத் தள்ளிய அதே உத்தியோகத்திலே, இன்று அவர் அணியும் ஆடையைப் பார்த்து ஊர் மரியாதை செய்கின்றது.

நாம் என்ன செய்யலாம்? கடை நடத்தும் பெரியோரும் காரியாலயங்களில் ஆளெடுக்கும் பெரியோரும் இச்சபையிலே உண்டு. அவர்களிடம் பணிவுடன் கேட்பது சிறிதே. விண்ணப்பத்திலே படம் ஒட்டும்படி கேட்பதை விடுங்கள். வேலைக்கு வேண்டியதை மாத்திரம் கேளுங்கள். பெறுபேற்றுப் பத்திரத்தின் பழைய பெயரும் வந்தவரின் பெயரும் வேறாயிருந்தால், கோவையை மூடாமல் ஒரு கேள்வி கேளுங்கள், விடை கிடைக்கும். வந்தவர் தம்மை எப்பெயரால் அழைக்கச் சொல்கின்றாரோ அப்பெயரால் அழையுங்கள். எம் சங்கமும், தொழில் வழிகாட்டல் கூட்டம் வைக்கும்போது இவர்களுக்கும் அழைப்பு அனுப்பலாம்.

இளைஞரே, உங்களிடம் கேட்பது இதனிலும் சிறிது. "உமக்கு விளங்குந்தானே?" என்று யாரும் உங்களைப் பார்த்துக் கேட்டால், தலையாட்டாதீர்கள். "இல்லை சேர், எனக்கு விளங்கவில்லை. அவர் என்னிலும் நன்றாகக் கணக்குப் பார்ப்பார்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் வேலையும் போகலாம்; போகாதென்று நாம் உறுதி கூறமாட்டோம். நாம் சொல்லாமல் விட்டோம்; வேலை கிடைத்தது; அச்சம்பளத்தில் வாங்கிய புத்தகங்கள் இன்றும் எம் மேசைமேல் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும்போதெல்லாம் தோழியின் கேள்வி முன்னே வந்து நிற்கின்றது.

அவர் இப்போது வீட்டிலிருந்தபடியே சிறுகடைகள் சிலவற்றுக்குக் கணக்கெழுதிக் கொடுத்து வருகின்றார். இன்று இங்கே பேசப்போவதை அவருக்குச் சொன்னோம். "நல்லது, ஆனால் அடுத்த முறை அங்கேயே சொல்" என்றார்.